பின்னால் இருப்பவரையும் கேளுங்கள்!

வியாழக்கிழமை. பொழுது இன்னும் விடியவில்லை. அய்யலூர் ஆட்டுச் சந்தை கூடிவிட்டது.

வடமதுரையிலிருந்தும், வேடசந்தூரிலிருந்தும், மலையடிவாரத்துச் சிற்றூர்களிலிருந்தும் ஆட்கள் வந்தபடி இருக்கிறார்கள். ஆடு வாங்க வந்தவர் என்ன செய்கிறார்? வாயைத் திறந்து பல்லைப் பார்க்கிறார். முதுகை அழுத்திப் பார்க்கிறார். தூக்கிப் பார்க்கிறார். நாலு அடி நடக்கவிட்டுப் பார்க்கிறார். அதற்குப் பிறகுதான் விலை பேச்சு.

அதே மனிதர் மோட்டார் சைக்கிள் வாங்கக் கடைக்குப் போகிறார். லட்ச ரூபாய் சமாசாரம். அங்கே என்ன கேட்கிறார்? லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர்? என்ன நிறம் இருக்கிறது? மாதத் தவணை எவ்வளவு? அவ்வளவுதான். பின்னால் உட்காரப் போகும் மனைவியை ஐந்து நிமிடம் அந்த ஆசனத்தில் உட்காரவைத்துப் பார்ப்பதில்லை. பல வீடுகளில் அந்த அம்மாள் வண்டியை முதன்முதலாகப் பார்ப்பதே, மாலை போட்டு வாசலில் வந்து நிற்கும்போதுதான்.

ஆட்டின் முதுகுக்குக் கிடைக்கிற மரியாதை மனைவியின் முதுகுக்குக் கிடைப்பதில்லை!

அய்யலூரிலிருந்து திண்டுக்கல்லுக்குச் சுமார் 25 கிலோமீட்டர். நான்கு வழிச் சாலை. ஓட்டுகிறவருக்கு அது ஒரு பயணமே அல்ல. பின்னால் இருப்பவருக்கோ பெரிய ஆஸ்பத்திரி, துணிக்கடை, கல்யாணம், கருமாதி எல்லாம் அந்த ஒரு சாண் ஆசனத்தின் மேல்தான். இறங்கியதும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் நிற்பார். வீட்டுக்கு வந்ததும் முதுகிலும் தொடையிலும் அரிப்பு. “வயசாகிவிட்டது” என்று அவரே சொல்லிக்கொள்வார். முப்பத்தைந்து வயதில் என்ன வயசு? கோளாறு அவரிடம் இல்லை. ஆசனத்தில் இருக்கிறது.

கேரியரில் பிறந்த ஆசனம்

ஒரு காலத்தில் சைக்கிளில் இருவர் போவதே குற்றமாக இருந்தது. ‘டபுள்ஸ்’ போனால் போலீஸ்காரர் நிறுத்துவார். சக்கரத்தில் காற்றைப் பிடுங்கிவிடுவார். ஆனாலும் ஜனங்கள் போனார்கள். மூட்டை கட்டுகிற இரும்புக் கேரியரில் துண்டை மடித்துப் போட்டு மனைவியை ஏற்றிக்கொண்டு போனார்கள்.

சென்னையில் என்ஃபீல்டு நிறுவனம் 1955-ல் தொடங்கப்பட்டது. அந்தக் காலத்து மோட்டார் சைக்கிள்கள் பலவற்றில் ஓட்டுகிறவருக்குச் சுருள்வில் வைத்த தனி ஆசனம் இருந்தது. பின்னால் இருப்பவருக்கு ஒரு சின்னத் திண்டு. 1980-ல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வந்தது. இருவர் போகக்கூடிய மொபெட் என்பதே அதன் பெருமை. அதற்குப் பிறகு கிராமத்துக் குடும்பமே சக்கரத்தின் மேல் ஏறிவிட்டது.

ஆனால் பின்னாசனத்தின் அந்தஸ்து உயர்ந்ததா? இல்லை. இப்போது வாலிபர்கள் விரும்பி வாங்கும் வண்டிகளைப் பார்த்தால் தெரியும். பின்பக்கம் ஆகாயத்தைப் பார்த்து எழுந்து நிற்கிறது. அதன் நுனியில் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் இடம். அங்கே உட்காருகிறவர் பிரேக் போடும்போதெல்லாம் முன்னால் வழுக்குவார். வேகம் எடுக்கும்போதெல்லாம் பின்னால் சாய்வார். பார்க்க அழகுதான். யாரும் உட்காராத வரையில்!

முதுகு நோவுக்கு மருந்து காலில்

முதுகு வலிக்கிறது என்றதும் எல்லோரும் செய்வது ஒன்றே. கடைக்குப் போய் ஒரு சாய்மானம் வாங்கிப் பின்னால் பூட்டிவிடுவது. இரண்டு கம்பி, நடுவில் ஒரு திண்டு, மேலே ரெக்சின். பூட்டிய மறுநாளே புதுப் புகார் வருகிறது. “ஏங்க, முன்னாடியாவது முதுகு வலிதான். இப்போ இது வேற குத்துது!”

ஏன் குத்துகிறது? காரணம் கீழே இருக்கிறது. கால்மிதியில்.

நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு காலையும் தரையிலிருந்து தூக்கிக்கொண்டால் என்ன ஆகிறது? உடம்பின் பாரம் முழுவதும் முதுகெலும்பின் அடி நுனிக்கு இறங்குகிறது. மோட்டார் சைக்கிளிலும் அதே கதைதான். பாதம் ஊன்றி இருந்தால், பள்ளம் வரும்போது தொடையும் முழங்காலும் கொஞ்சம் அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். பாதம் தொங்கினால் அத்தனையும் இடுப்புக்குப் போகும். அது மட்டுமா? ஊன்றாத உடம்பு ஒவ்வொரு குலுக்கலிலும் மேலும் கீழும் ஆடும். முதுகு அந்தத் திண்டில் தேய்ந்துகொண்டே இருக்கும். அரை மணி நேரம் தேய்த்தால் தோல் சும்மா இருக்குமா? சிவக்கும், எரியும், அரிக்கும். இடுப்பு வலியும் முதுகு அரிப்பும் இரண்டு நோய்கள் அல்ல. பெரும்பாலும் ஒரே குலுக்கலின் இரண்டு பிள்ளைகள்.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது கால்மிதி. அது இருக்கிறதா? ரப்பர் தேய்ந்து வழுக்குகிறதா? உட்காருகிறவரின் பாதம் முழுசாக அதில் படிகிறதா?

சேலை கட்டி ஒரு பக்கமாக உட்காருகிற அம்மாளுக்கு இன்னொரு கஷ்டம். அவர் முகம் சாலையின் இடது பக்கம். சாய்மானமோ வண்டியின் பின்பக்கம். முதுகு அதில் படவே படாது. அதன் விளிம்பு இடது இடுப்பில் இடிக்கும். அதாவது, இரண்டு பக்கமும் கால் போட்டு உட்காருகிறவருக்கென்று செய்த பொருளை இவருக்குப் பூட்டி என்ன பயன்? இவருக்கு வேண்டியது வேறு. இடது பக்கம் இரண்டு பாதமும் வைக்கிற அளவு அகலமான மிதி, வலது கைக்கு எட்டுகிற உறுதியான பிடிகம்பி, சேலை சக்கரத்தில் போகாமல் தடுக்கும் கம்பிவலை. மிதியையும் வலையையும் ஊர் மெக்கானிக் கடைகளில் ‘லேடீஸ் ஃபுட்ரெஸ்ட்’ என்றும் ‘சாரி கார்டு’ என்றும் சொல்வார்கள். வண்டி அழகு கெட்டுவிடுகிறது என்று அதைக் கழற்றி வைக்கிற இளைஞர்கள் உண்டு. அம்மாவின் சேலை முந்தானையைவிட வண்டியின் அழகு பெரிதாகிவிட்டது!

சுடிதார் போடும் பெண்கள் இரண்டு பக்கமும் கால் போட்டு உட்காருவது இப்போது ஊருக்கு ஊர் சாதாரணம். முதுகுக்கு அதுவே நல்லது. முதுகெலும்பு முறுக்கிக்கொள்வதில்லை. வண்டியும் ஒரு பக்கமாக இழுபடுவதில்லை. துப்பட்டாவை மட்டும் முடிந்துகொள்ள வேண்டும். அறுபது வயது அம்மாளைச் சேலையோடு அப்படி உட்காரச் சொல்ல முடியுமா? முடியாது. அவருக்கு ஏற்ற மாதிரிதான் வண்டி மாற வேண்டும்.

இன்னொன்று. பின் சக்கரத்தின் இரு பக்கமும் இருக்கும் ஷாக் அப்சார்பரை வாங்கிய நாளிலிருந்து யாரும் தொடுவதில்லை. சாதாரண வண்டிகள் பலவற்றில் அதன் சுருள்வில்லை இறுக்கவும் தளர்த்தவும் படிகள் உண்டு. தனியாகப் போகும் அளவில் வைத்துக்கொண்டு இருவர் போனால், பள்ளத்தில் சுருள் முழுவதும் அமுங்கி, ‘டங்’ என்று இடிக்கும். அந்த இடி நேராகப் பின்னால் இருப்பவரின் முதுகில். பின் டயரின் காற்றுக்கும் அப்படியே: ஒருவருக்கு ஓர் அளவு, இருவருக்கு ஓர் அளவு என்று வண்டியோடு வரும் புத்தகத்தில் போட்டிருப்பார்கள். அந்தப் புத்தகம் பீரோவில் பாலிதீன் உறை பிரிக்காமல் இருக்கிறது. எடுத்துப் படிக்கக் காசு செலவில்லை.

இவ்வளவும் செய்த பிறகு சாய்மானம் வாங்கலாம். திண்டு தோள்பட்டையில் படக் கூடாது. இடுப்புக்கு மேலே முதுகு உள்வாங்கும் குழிவில் படிய வேண்டும். ஒரு கை அகலத்துக்காவது இருக்க வேண்டும். சின்னத் திண்டு ஒரே இடத்தில் குத்தும். விரலால் அமுக்கினால் உள்ளே இருக்கும் கம்பி தட்டுப்படுகிறதா என்று பார்க்க வேண்டும். தட்டுப்பட்டால் வேண்டவே வேண்டாம். முக்கியமாக, அதைப் பூட்டிய ஆணி ஆடக் கூடாது. ஆடுகிற சாய்மானத்தில் நம்பிச் சாய்வதைவிடச் சாயாமல் இருப்பது மேல். அந்த வண்டிக்கென்றே நிறுவனம் செய்து விற்கும் சாய்மானம் இருந்தால், கொஞ்சம் விலை கூடினாலும் அதையே வாங்குவது நல்லது. அது பூட்டும் துளைகளில் சரியாக உட்காரும்.

தோல் ஏன் எரிகிறது?

சித்திரை வெயில். வண்டி சந்தைப்பேட்டையில் இரண்டு மணி நேரம் நின்றிருக்கிறது. ஆசனமோ கறுப்பு. அதன் மேல் கை வைத்தால் தெரியும். இந்த ஊரில் கோடையில் காற்றே 38, 40 டிகிரிக்குப் போகிறது. வெயிலில் நிற்கும் கறுப்பு ரெக்சின் 60 டிகிரியை எட்டக்கூடும். அதில் உட்காருவதும் தோசைக்கல்லில் உட்காருவதும் ஏறக்குறைய ஒன்று!

ரெக்சின் என்பது பிளாஸ்டிக் பூசிய துணி. காற்றும் போகாது, வேர்வையும் உறிஞ்சாது. வேர்வை வெளியேற வழியில்லாமல் தோலின் சின்னத் துவாரங்கள் அடைபடும். வேர்க்குரு வரும். ஈரத்தோல் லேசான உராய்வுக்கே புண்ணாகும்.

இதற்கு வைத்தியம் எங்கே இருக்கிறது? பக்கத்திலேயே இருக்கிறது. சின்னாளப்பட்டி சுங்குடிச் சேலைக்குப் பேர்போன ஊர். பழைய பருத்திச் சேலை ஒன்று இல்லாத வீடு இந்தப் பக்கம் உண்டா? அதை நாலாக மடித்துத் தைத்து, நான்கு மூலையிலும் நாடா வைத்து, ஆசனத்துக்கும் சாய்மானத்துக்கும் உறையாகக் கட்டலாம். நாடா சக்கரத்துப் பக்கம் தொங்கக் கூடாது. அடியில் இறுக முடிந்துவிட வேண்டும். வாரம் ஒரு முறை கழற்றித் துவைக்கலாம். காற்றுப் போகும் ‘நெட் கவர்’ கடைகளிலும் கிடைக்கிறது. அதுவும் நல்லதே. ஆனால் துவைக்க வேண்டும். ஆறு மாதத்து வேர்வையும் புழுதியும் ஊறிய உறை, உறை இல்லாததைவிட மோசம்.

ஆசனம் பளபளக்க வேண்டும் என்று எண்ணெய் மெருகு பூசுகிறார்கள். இது தவறு! ஆசனம் வழுக்கும். சிலருக்கு அந்த மெருகே தோலில் அரிப்பைக் கிளப்பும். ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

புதிய ஆசனமோ சாய்மானமோ போட்ட பிறகு, அது படும் இடத்தில் மட்டும், அதே வடிவத்தில், தோல் தடித்துச் சிவந்தால்? அது ஒவ்வாமையாக இருக்கலாம். ரெக்சினின் சாயம், ஒட்டும் பசை, பூஞ்சை பிடிக்காமல் இருக்கச் சேர்க்கும் மருந்து, இவற்றில் ஏதாவது ஒன்று ஒத்துக்கொள்ளவில்லை. இது வெறும் சந்தேகம் அல்ல. 2008-ஐ ஒட்டி ஐரோப்பாவில் ஆயிரக்கணக்கானவர்களுக்கு முதுகிலும் தொடையிலும் தோல் வெந்தது போல ஆயிற்று. காரணம் புதிதாக வாங்கிய சோபா! கப்பலில் வரும்போது பூஞ்சை பிடிக்காமல் இருக்க டைமெத்தில் ஃபியூமரேட் என்ற மருந்தைச் சின்னப் பொட்டலமாக உள்ளே வைத்திருந்தார்கள். உட்காருகிறவரின் உடம்புச் சூட்டில் அது ஆவியாகித் துணி வழியே தோலுக்கு வந்தது. 2009-ல் ஐரோப்பிய ஒன்றியம் அந்த மருந்து உள்ள பொருள்களைத் தடை செய்தது. சோபாவில் நடந்தது வேறு எந்த மெத்தையிலும் நடக்கலாம். ஆகவே புது ஆசனத்தில் மூக்கைத் துளைக்கும் வாடை அடித்தால் சில நாள் நிழலில் காற்றாட விட்டு, மேலே பருத்தி உறை போட்டு உட்காருவது புத்தி. அப்படியும் அரிப்பு வந்தால் அந்தத் திண்டை மாற்றிவிட வேண்டியதுதான்.

களிம்பில் ஒரு கண்ணி

அரிப்பு வந்ததும் ஜனங்கள் நேராக மருந்துக் கடைக்குப் போகிறார்கள். “அரிப்புக்கு ஒரு களிம்பு கொடுங்க.” கிடைக்கிறது. இரண்டு நாளில் அரிப்பு போயே போய்விடும். பத்து நாள் கழித்து இரண்டு மடங்காகத் திரும்பி வரும்!

அந்தக் களிம்புகள் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. ஈரமும் உராய்வும் உள்ள இடுப்பிலும் தொடையிடுக்கிலும் வருவது பல சமயம் படர்தாமரை. வட்டமாக, ஓரம் தடித்து, நடுவில் தெளிந்து, நாளுக்கு நாள் பரவும். ஸ்டீராய்டு அதன் அரிப்பை அடக்கும், பூஞ்சையை வளர்க்கும். இந்தத் தொல்லை நாடெங்கும் பெருகியதால், 2018 மார்ச்சில் மத்திய அரசு ஸ்டீராய்டு களிம்புகள் பலவற்றை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. சட்டம் இருக்கிறது. கேட்கிற வாயும் கொடுக்கிற கையும் மாறினால்தானே?

இடுப்பைப் பற்றி இன்னொரு விஷயம். பெண்கள் பாவாடை நாடாவை இறுக்கிக் கட்டுகிறார்கள். சாய்மானத்தின் திண்டு உரசுவதும் ஏறக்குறைய அதே இடத்தில். நாடா தடம் கறுத்து, தோல் தடித்து, சிலருக்கு ஆறாத புண்ணாகிவிடுகிறது. மகாராஷ்டிரத்திலும் பீகாரிலும் இரண்டு மூதாட்டிகளுக்கு, பல ஆண்டுகள் நாடா உராய்ந்த இடத்தில் புண்ணாகி அது புற்றுநோயாக மாறியதை டாக்டர்கள் 2024 நவம்பரில் ஒரு மருத்துவ இதழில் எழுதினார்கள். இது மிக அபூர்வம், பயப்பட வேண்டியதில்லை. அதற்கு மோட்டார் சைக்கிளும் காரணம் அல்ல. ஆனால் இடுப்பில் ஒரு புண் மாதக்கணக்கில் ஆறாமல் இருந்தால் அதை மறைத்துக்கொண்டு வண்டியில் ஏறக் கூடாது. டாக்டரிடம் காட்ட வேண்டும். நாடாவைக் கொஞ்சம் தளர்த்துவதும், கயிறு போன்ற நாடாவுக்குப் பதில் அகலமான பட்டை வைத்துத் தைப்பதும் இன்றைக்கே செய்யக்கூடியவை.

சைலன்சரில் கெண்டைக்கால் பட்டுச் சுடுவதும் உண்டு. பெரும்பாலான வண்டிகளில் அது வலது பக்கம். சுட்டால் பற்பசை, பேனா மை, காப்பித்தூள் எதுவும் வேண்டாம். குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் காட்ட வேண்டும்.

சௌகரியம் மட்டுமா?

“பின்னால் உட்காருகிறவருக்கு இவ்வளவு ராஜோபசாரமா?” என்று சிலர் சிரிக்கலாம். இது உபசாரம் அல்ல. உயிர்.

2022-ஆம் ஆண்டில் இந்தியாவில் ஹெல்மெட் போடாமல் இரு சக்கர வாகன விபத்தில் இறந்தவர்கள் 50,029 பேர் என்பது மத்திய அரசின் கணக்கு. அவர்களில் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்து போனவர்கள்! வண்டியை ஓட்டாதவர்கள். பிடிப்பு இல்லாமல், வேகத்தடையில் வண்டி குதித்ததும் பின்பக்கமாகத் தூக்கி எறியப்படும் பெண்கள் உண்டு. மடியில் குழந்தை இருந்தால் தாயின் இரண்டு கையும் குழந்தையின் மேல். தன்னைப் பிடித்துக்கொள்ள மூன்றாவது கை ஏது? உறுதியான சாய்மானம் அங்கேதான் உதவும்.

சட்டம் இதை நினைக்காமல் இல்லை. 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123-வது விதி என்ன சொல்கிறது? பின்னால் ஒருவர் உட்காரும் மோட்டார் சைக்கிளில் நிரந்தரமான பிடிகம்பி இருக்க வேண்டும். கால்மிதி இருக்க வேண்டும். உடை சிக்காதபடி பின் சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மூடும் தடுப்பு இருக்க வேண்டும். ஆகவே சாரி கார்டைக் கழற்றுவது அலங்காரம் அல்ல, விதிமீறல். நான்கு வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும், பின்னால் இருப்பவர் உட்பட, ஹெல்மெட் கட்டாயம். நான்கு வயதுக்குட்பட்ட குழந்தையை ஏற்றினால் ஓட்டுகிறவரோடு இணைக்கும் பட்டை கட்ட வேண்டும். வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. இந்த விதி 2023 பிப்ரவரி 15 முதல் நடப்பில் இருக்கிறது. அய்யலூர் சாலையில் அந்தப் பட்டை கட்டிய குழந்தையைப் பார்ப்பதோ அபூர்வம்.

சாய்மானத்தைப் பற்றி விதியில் ஒரு வார்த்தையும் இல்லை. அதைக் கட்டாயம் ஆக்க வேண்டும் என்றுகூடச் சொல்ல வேண்டாம். ஆனால் குடும்பத்துக்கென்று விளம்பரம் செய்து விற்கும் வண்டியில், அகலமான மிதியும் சரியான சாய்மானமும் கூடவே வந்தால் என்ன? தனியாக விலை போட்டு விற்கும் பொருளாக அதை ஏன் ஒதுக்கி வைக்க வேண்டும்? வாங்குகிறவர்கள் கேட்டால்தான் செய்கிறவர்கள் கொடுப்பார்கள்.

எழுபது வயது அம்மாவுக்கும், மாதம் ஏறிய கர்ப்பிணிக்கும் எந்தச் சாய்மானமும் சரிப்படாது. அவர்களுக்குப் பஸ் இருக்கிறது. அய்யலூரில் ரயில் நிலையமும் இருக்கிறது. “வண்டி இருக்கும்போது பஸ் எதற்கு?” என்று பிள்ளை கேட்பான். வண்டி அவனுக்கு இருக்கிறது. அம்மாவுக்கு முதுகு ஒன்றுதான் இருக்கிறது.

நெடுஞ்சாலை ஓரத்தில் வண்டிக் கருப்பணசாமி கோயில். அந்த வழியாகப் போகிற லாரிக்காரரும் பஸ்காரரும் காருக்குச் சொந்தக்காரரும் நிறுத்திக் கும்பிட்டுவிட்டுப் போகிறார்கள். புது மோட்டார் சைக்கிளும் அங்கே வந்து நிற்கும். சூடம் காட்டி, விபூதி பூசி, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைப்பார்கள். அந்த ஐந்து நிமிடத்தில் இன்னொரு காரியமும் செய்யலாம். பின்னால் இருந்து இறங்கிய அம்மாளிடம், “எங்கே குத்துது? கால் எட்டுதா?” என்று கேட்கலாம். அவர் முதலில், “அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க” என்றுதான் சொல்வார். இரண்டாவது முறையும் கேட்க வேண்டும்.